ரில்கேயின் பத்துக் கடிதங்கள்: எந்தப் பதிப்பை வாங்குவது, எப்படிப் படிப்பது

கவிதை எழுதத் தொடங்கிய யாருக்கும் சீக்கிரமே யாராவது ஒருவர் இந்தப் புத்தகத்தைப் பரிந்துரைத்துவிடுவார். ஜெர்மன் மொழிக் கவிஞர் ரைனர் மரியா ரில்கே எழுதிய 'ஓர் இளம் கவிஞனுக்குக் கடிதங்கள்'. பத்தே கடிதங்கள். ஒரே மாலையில் படித்து முடித்துவிடலாம். பெரும்பாலானவர்கள் அப்படித்தான் முடிக்கிறார்கள், சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. வாங்கத் தகுந்த புத்தகம்தான். ஆனால் இதைத் தனியாக எடுத்துப் படித்தால் பாதிதான் கைக்கு வரும். கடிதம் எப்படிப்பட்டவருக்குப் போனது, எழுதியவர் அதே மாதங்களில் வேறு என்ன செய்துகொண்டிருந்தார் என்ற இரண்டும் தெரியாதவர்கள், உள்ளுக்குள்ளே போ என்ற ஓர் அறிவுரையை மட்டும் பிடித்துக்கொண்டு பல வருடங்கள் வெறும் புலம்பலை எழுதிவிடுகிறார்கள்.

முதலில் விவரம். 1902 இலையுதிர் காலம். ஆஸ்திரியாவில் வீனர் நொய்ஸ்டாட் ராணுவக் கல்லூரித் தோட்டத்தில் 19 வயது மாணவர் ஃப்ரான்ஸ் க்ஸாவெர் காப்புஸ், ரில்கேயின் கவிதைத் தொகுப்பு ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த கல்லூரிப் பாதிரியார் ஹொராசெக், இந்த ரில்கே முன்பு சாங்ட் போல்ட்டன் ராணுவப் பள்ளியில் தமக்குத் தெரிந்த ஒல்லியான, வெளிறிய பையன்தான் என்றார். தம்மைப் போலவே சீருடைக்குள் மாட்டிக்கொண்ட ஒருவர் கவிஞராகிவிட்டார் என்று தெரிந்ததும் காப்புஸ் தம் கவிதைகளை அவருக்கு அனுப்பிவைத்தார். பல வாரங்கள் கழித்து பாரிஸ் அஞ்சல் முத்திரையோடு பதில் வந்தது. அதன் தேதி 17 பிப்ரவரி 1903. அதிலிருந்து 1904 நவம்பருக்குள் ஒன்பது கடிதங்கள். பிறகு நான்கு வருட இடைவெளி. பத்தாவது கடிதம் 1908 கிறிஸ்துமஸுக்கு மறுநாள். ரில்கே 1926 டிசம்பரில் இறந்தார். காப்புஸ் ஒரு சிறு முன்னுரை சேர்த்து, 1929இல் இன்ஸெல் பதிப்பகம் மூலம் கடிதங்களை நூலாக்கினார்.

முதல் கடிதம் எழுதியபோது ரில்கேக்கு வயது 27. இதை மறக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னட்டை வாசகங்களைப் படித்தால் வெள்ளைத் தாடி வைத்த ஞானி ஒருவர் பேசுவதாகத் தோன்றும். அவருக்குப் பெயர் வாங்கித் தந்த 'புதிய கவிதைகள்' இரண்டு பாகங்களும் 1907, 1908இல்தான் வந்தன. 'டுயினோ இரங்கற்பாக்கள்' 1922 வரை முடியவில்லை. ஆக, இளைஞருக்கு அறிவுரை சொல்பவரும் இளைஞர்தான். சொந்த ஆரம்பகாலக் கவிதைகளின் வழவழப்பிலிருந்து அப்போதுதான் வெளியே வந்துகொண்டிருந்தார். காப்புஸிடம் அவர் கண்டிக்கிற பல பழக்கங்கள் கொஞ்ச நாளுக்கு முன்புவரை அவரிடமே இருந்தவை.

முதல் கடிதத்தில் நேரடி விமர்சனம் மிகக் குறைவு. உங்கள் கவிதைகளுக்குத் தனி நடை இல்லை, ஆனால் தனித்த ஏதோ ஒன்று ஒளிந்து முளைக்கிறது என்கிறார், 'என் ஆன்மா' என்ற கவிதையையும், இத்தாலியக் கவிஞர் லெயொபார்டியை நோக்கி எழுதிய கவிதையையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார், அதோடு சரி. யாப்பு, வரி முறிப்பு, சொல் தேர்வு, திருத்தம் எதைப் பற்றியும் பத்துக் கடிதத்திலும் ஒரு பாடம் கிடையாது. இதைக் கவிதைப் பயிற்சி நூல் என்று நினைத்து வாங்குகிறவர்கள் ஏமாறுவார்கள்.

அதற்குப் பதிலாக அவர் கொடுப்பது ஒரு சோதனை. இரவின் அமைதியான நேரத்தில், எழுதியே ஆக வேண்டுமா என்று உங்களையே கேளுங்கள். ஆமாம் என்ற பதில் வந்தால் வாழ்க்கையை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளுங்கள். நூலிலேயே அதிகம் பிரபலமான இடமும் அதிகம் பிறழ்ந்து படிக்கப்படுகிற இடமும் இதுதான். நுழைவுத்தேர்வு போல எடுத்துக்கொண்டு, எழுதாவிட்டால் செத்தா போய்விடுவேன், இல்லையே, அப்படியானால் நான் கவிஞன் இல்லை என்று பேனாவை மூடியவர்கள் உண்டு. இதற்குச் சற்று மேலே இருக்கும் வரிகளைப் பார்க்க வேண்டும். காப்புஸ் தம் கவிதை நன்றாக இருக்கிறதா என்று ரில்கேயைக் கேட்டிருக்கிறார், அதற்குமுன் மற்றவர்களைக் கேட்டிருக்கிறார், பத்திரிகைகளுக்கு அனுப்பியிருக்கிறார், மற்றவர் கவிதைகளோடு ஒப்பிட்டிருக்கிறார், ஆசிரியர்கள் திருப்பி அனுப்பியபோது சோர்ந்திருக்கிறார். இதையெல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டுத்தான் ரில்கே சோதனைக்கு வருகிறார். அங்கீகாரத்துக்காக நான்கு திசையிலும் கைநீட்டிய ஒருவருக்குக் கொடுத்த மருந்து அது. முகநூலில் கவிதை போட்டுவிட்டு அரை மணிக்கொருமுறை விருப்பக்குறியை எண்ணுகிறவருக்கு இன்றைக்கும் பொருந்தும். எழுதியதை யாரிடமும் காட்டவே பயப்படுகிற ஒருவருக்கு இதே மருந்தைக் கொடுத்தால் இன்னும் மோசமாகும்.

அடுத்து வருவது தமிழில் எழுதுகிறவர்களுக்கு நேராகப் படுகிற அறிவுரை: ஆரம்பத்தில் காதல் கவிதை எழுதாதீர்கள். ரில்கேக்குக் காதல் மேல் வெறுப்பு ஒன்றுமில்லை. அவர் சொல்லும் காரணம் மரபு. நல்ல கவிதைகளும் அற்புதமான கவிதைகளும் ஏற்கெனவே குவிந்து கிடக்கிற இடத்தில், சொந்தமாக ஒன்றைச் சேர்க்கப் பழுத்த கை வேண்டும் என்கிறார். ஜெர்மன் மொழிக்கே இது உண்மையென்றால், குறுந்தொகையில் மட்டும் அகப்பாடல் 400 வைத்திருக்கிற மொழியில் 18 வயதில் காதல் கவிதையோடு தொடங்குவது எவ்வளவு துணிச்சலான காரியம். அந்த வயதில் வேறு எதை எழுதுவது என்ற கேள்விக்கும் அதே பத்தியில் பதில் இருக்கிறது. அதை இரண்டு அடுக்காகப் பிரித்துப் படிக்க வேண்டும். எதைச் சொல்வது என்பது முதல் அடுக்கு: உங்கள் துயரங்கள், ஆசைகள், வந்துபோகும் எண்ணங்கள், ஏதோ ஓர் அழகின் மேல் உள்ள நம்பிக்கை. எதைக் கொண்டு சொல்வது என்பது இரண்டாம் அடுக்கு: உங்களைச் சுற்றியுள்ள பொருட்கள், கனவில் வந்த காட்சிகள், நினைவில் தங்கிய பொருட்கள்.

மேற்கோள் காட்டுகிறவர்கள் எப்போதும் முதல் அடுக்கோடு நிறுத்திவிடுகிறார்கள். விளைவு, 'வலி', 'மௌனம்', 'வெறுமை', 'ரணம்' என்று பொருளே இல்லாத சொற்கள் வரிக்கு ஒன்றாக நிற்கும் கவிதை. எளிய பரிசோதனை ஒன்று உண்டு. எழுதி முடித்த கவிதையில் கண்ணால் பார்க்கவோ கையால் தொடவோ முடியாத பெயர்ச்சொற்களை அடிக்கோடிடுங்கள். பத்துப் பன்னிரண்டு வரிக் கவிதையில் இரண்டுக்கு மேல் இருந்தால், இரண்டாம் அடுக்கு வேலை நடக்கவில்லை. அடிக்கோடிட்ட ஒவ்வொரு சொல்லையும் எடுத்துவிட்டு, அந்த உணர்வு உங்களுக்கு வந்த இடத்தில் இருந்த ஒரு பொருளை வையுங்கள். கவிதை நின்றால் சரி. விழுந்தால் அங்கே கவிதையே இருந்திருக்கவில்லை. அன்றாட வாழ்க்கை வறண்டு தெரிந்தால் வாழ்க்கையைக் குறை சொல்லாதீர்கள், அதன் செல்வத்தை வரவழைக்கும் அளவுக்கு நீங்கள் கவிஞர் ஆகவில்லை என்று உங்களையே குறை சொல்லுங்கள் என்று ரில்கே கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறார். சிறைக்குள் இருந்தாலும் குழந்தைப்பருவம் கையில் இருக்கிறதே என்பது அவர் கேள்வி.

இரண்டாம் கடிதம் சிறியது, ஆனால் புத்தகத்தின் சாவி அதில்தான் இருக்கிறது. வியாரெஜ்ஜோ என்ற இத்தாலியக் கடற்கரை ஊரிலிருந்து, 5 ஏப்ரல் 1903இல் எழுதியது. கிண்டல் தொனியை நம்பாதீர்கள், குறிப்பாக எழுத்து வராத நேரங்களில் அதன் பிடிக்குள் போகாதீர்கள் என்கிறார். ஊற்று வறண்ட நாளில் கிண்டல் மிக எளிதாக வரும் என்பது தெரிந்தவர் பேச்சு. பிறகு, தமக்கு இன்றியமையாத புத்தகங்கள் இரண்டு என்கிறார்: ஒன்று பைபிள், மற்றொன்று டென்மார்க் எழுத்தாளர் யென்ஸ் பீட்டர் யாக்கப்சனின் நூல்கள். படைப்பின் சாரத்தைத் தமக்குக் கற்பித்தவர்கள் யார் என்று கேட்டால் இரண்டே பெயர்தான் சொல்வேன் என்று யாக்கப்சனையும் சிற்பி ரோதானையும் குறிப்பிடுகிறார். எந்தப் பதிப்பு வாங்க வேண்டும் என்றுகூடச் சொல்கிறார்: ரெக்லாம் நிறுவனத்தின் மலிவுப் பதிப்பு. தொடங்க வேண்டிய கதை 'மோகென்ஸ்'. பத்துக் கடிதங்களில் இவ்வளவு திட்டவட்டமான அறிவுரை வேறில்லை. பெரும்பாலான வாசகர்கள் இந்தப் பக்கத்தைத்தான் தாண்டிப் போகிறார்கள்.

அந்த இரண்டு பெயரையும் கொஞ்சம் தோண்டினால் 'உள்ளே போ' என்ற அறிவுரையின் மறுபக்கம் தெரியும்.

யாக்கப்சன் தாவரவியல் படித்தவர். நன்னீர்ப் பாசிகளைப் பற்றிய ஆய்வுக்குக் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் தங்கப் பதக்கம் வாங்கியவர். டார்வினை டேனிஷ் மொழிக்குக் கொண்டுவந்தவரும் அவரே. காசநோயால் 1885இல், 38 வயதில் இறந்தார், எழுதியது கொஞ்சம்தான். உருப்பெருக்கியில் பார்த்துப் பழகிய கண்ணோடு இலையையும் மழையையும் எழுதியவர் என்பது அவர் உரைநடையைப் படித்தால் தெரியும்.

ரோதானோ இன்னும் வெளிப்படையான ஆள். அவரைப் பற்றி நூல் எழுதுவதற்காகத்தான் 1902 ஆகஸ்ட் கடைசியில் ரில்கே பாரிஸ் போனார். அந்தச் செப்டம்பரில் மனைவி க்ளாராவுக்கு எழுதிய கடிதங்களில் ரோதான் தமக்குச் சொன்னதைக் குறித்திருக்கிறார்: வேலை செய்ய வேண்டும், வேலை மட்டுமே செய்ய வேண்டும், பொறுமை வேண்டும். அகத்தூண்டல் வரும்வரை காத்திருக்கும் பழக்கத்தில் இருந்த ரில்கேக்கு இது அதிர்ச்சி. காலையில் பட்டறைக்குப் போய்க் களிமண்ணில் கைவைக்கிற சிற்பியைப் போலக் கவிதையும் எழுத முடியுமா? அதற்கான பதில்தான் 'சிறுத்தை' என்ற கவிதை. பாரிஸின் ழார்தான் தே ப்ளாந்த் தோட்டத்தில் கூண்டிலிருந்த விலங்கைப் பார்த்து எழுதியது. நான்கு வரிகள் கொண்ட மூன்று பத்தி, மொத்தம் 12 வரி. முழுக் கவிதையிலும் 'நான்' என்ற சொல்லே வராது. கம்பிகளையே கண்டு களைத்த பார்வை, மிகச் சிறிய வட்டத்துக்குள் சுற்றும் மெத்தென்ற நடை, எப்போதாவது கண்மணியின் திரை விலகி உள்ளே போகும் ஒரு காட்சி, அவ்வளவுதான். ஏக்கம், தளை, விடுதலை போன்ற எதையும் பெயர் சொல்லவில்லை. எழுதப்பட்ட காலம் 1902–03. அதாவது காப்புஸுக்கு முதல் கடிதம் போன அதே பருவம்.

ஆகவே ரில்கே ஒரு கையால் உள்ளே போங்கள் என்று கடிதம் எழுதிக்கொண்டிருந்தபோது, இன்னொரு கையால் வெளியே பார்க்கக் கற்றுக்கொண்டிருந்தார். இரண்டும் முரணாகத் தெரிந்தாலும் அவருக்குள் ஒன்றாகவே நடந்தன. பாராட்டு, மறுப்பு, மற்றவர் கவிதை ஆகியவற்றிலிருந்து கண்ணை எடு என்பதுதான் கடிதத்தின் 'உள்ளே'. சிறுத்தையிலிருந்து கண்ணை எடு என்று அவர் எங்கேயும் சொல்லவில்லை. இந்தப் புத்தகத்தின் பெரிய குறை என்னவென்றால், இந்த இரண்டாவது பாதியைக் கடிதங்கள் விளக்குவதில்லை. ரோதானின் பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. அதனால்தான் 'புதிய கவிதைகள்' தொகுப்பிலிருந்து ஏழெட்டுக் கவிதைகளாவது கூடவே இல்லாமல் இதைப் படிக்கக் கூடாது. 'சிறுத்தை', 'தொன்மையான அப்பல்லோவின் முண்டச்சிலை' இரண்டும் கட்டாயம். இரண்டாவதில் தலையில்லாத ஒரு கற்சிலையை 14 வரி பார்க்கிறார். கடைசி வரியின் பிற்பாதியில்தான் வாசகருக்கு நேராக, உன் வாழ்க்கையை நீ மாற்றியாக வேண்டும் என்கிறார். அந்த இடத்துக்கு முந்தைய வரிகள் எல்லாம் பார்வை மட்டுமே என்பதைக் கவனித்தால், கடைசி வரி மட்டும் ஏன் சுவரொட்டிகளில் எடுபடுவதில்லை என்பது புரியும்.

மூன்றாம் கடிதத்தில் அழகியல் விமர்சனங்களை முடிந்தவரை குறைவாகப் படியுங்கள் என்கிறார். கவனம். இதே ரில்கே அதற்கு முந்தைய வருடம் பிரேமன் நகர நாளிதழ் ஒன்றில் புத்தக மதிப்புரை எழுதிக்கொண்டிருந்தவர். வட ஜெர்மனியின் வோர்ப்ஸ்வேட என்ற ஊரின் ஓவியர்களைப் பற்றி ஒரு நூல், ரோதானைப் பற்றி ஒரு நூல் என்று 1903இல் மட்டும் இரண்டு கலை நூல்கள் வெளியிட்டவர். விமர்சனம் வேண்டாம் என்பதைத் திருத்தம் வேண்டாம் என்று மாற்றிக்கொள்கிற சோம்பேறித்தனத்துக்கு அவரைச் சாட்சிக்கு இழுக்க முடியாது. கலைஞன் வருடங்களை எண்ணுவதில்லை, பத்து வருடம் ஒன்றுமேயில்லை என்ற புகழ்பெற்ற இடம் இந்தக் கடிதத்தில்தான் வருகிறது. 27 வயதில் இதைச் சொல்வது எளிது. ஆனால் 1912 ஜனவரியில் டுயினோ கோட்டையில் தொடங்கிய இரங்கற்பாக்களை அவர் முடித்தது 1922 பிப்ரவரியில். சொன்ன கணக்கு அவர் தலையிலேயே அப்படியே விழுந்தது.

நான்கு முதல் ஆறு வரையிலான கடிதங்களை விரைவாகக் கடக்கலாம். கேள்விகளுக்கு இப்போதே பதில் தேடாமல் கேள்விகளையே வாழ்ந்து பாருங்கள் என்ற பகுதி நான்காவதில் இருக்கிறது. சூரிய அஸ்தமனப் படத்தின் மேல் ஒட்டிச் சுற்றுக்கு விடப்படுவதும் அதுவே. ஆறாவது, தனிமை பற்றியது. தனிமையைப் போற்றும் இந்தப் பக்கங்களைப் படிக்கும்போது, ரில்கே–க்ளாரா தம்பதியின் மகள் ரூத், 1901 டிசம்பரில் பிறந்தவள், தாய்வழிப் பாட்டி தாத்தா வீட்டில் வளர்ந்துகொண்டிருந்தாள் என்பதையும் ஓரமாக நினைவில் வைப்பது நல்லது. யாருடைய உழைப்பின் மேல் யாருடைய தனிமை நின்றது என்ற கேள்வியைக் கடிதங்கள் கேட்பதில்லை. கூட்டு வீட்டில், ஒரே அறையில், தொலைக்காட்சிச் சத்தத்துக்கு நடுவே எழுதுகிறவர்கள், தனிமை கிடைக்காததால் கவிதை வரவில்லை என்று இந்தக் கடிதத்தைக் காட்டி மனம் தளர வேண்டியதில்லை. காப்புஸே ராணுவ விடுதியில் இருந்தவர்தான்.

ஏழாவது கடிதம் வேறு. ரோம், 14 மே 1904. காதலும் ஒரு வேலைதான், அதையும் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற பேச்சுக்காகவே இது பேசப்படுகிறது. எழுதுகிறவர்களுக்கு உதவும் விஷயம் அதற்கு முன்பாக, கடிதத்தின் தொடக்கத்திலேயே இருக்கிறது. காப்புஸ் அனுப்பிய ஒரு சானெட்டை (14 வரிக் கவிதை) ரில்கே தம் கையால் பிரதியெடுத்து, அந்தப் பிரதியை அவருக்கே திருப்பி அனுப்புகிறார். உங்கள் கவிதையை வேறொருவர் கையெழுத்தில் பார்ப்பது முற்றிலும் புதிய அனுபவம், இதை யாரோ எழுதியதாக நினைத்துப் படியுங்கள், அப்போதுதான் எவ்வளவு உங்களுடையது என்று தெரியும் என்கிறார். பத்துக் கடிதத்திலும் கையோடு செய்து பார்க்கக்கூடிய ஒரே உத்தி இதுதான், விலையில்லாதது.

இதை இன்றைக்குச் செய்யும் முறை. கவிதையை முடித்துக் குறைந்தது ஒரு வாரம் ஒதுக்கிவையுங்கள். பிறகு நண்பர் ஒருவரிடம் கொடுத்துக் கையால் எழுதித் தரச் சொல்லுங்கள், தட்டச்சு வேண்டாம். வரி முறிப்பைச் சொல்லாமல், ஒரே பத்தியாக நீங்கள் வாசிக்க, கேட்டு எழுதச் சொன்னால் இன்னும் நல்லது. அவர் எங்கே வரியை முறிக்கிறார் என்பதை உங்கள் பிரதியோடு ஒப்பிடுங்கள். வேறுபடும் இடங்களில், ஒன்று உங்கள் முறிப்புக்குக் காரணம் இருக்கும், அல்லது பழக்கத்தில் தட்டிவிட்ட பொத்தான் அது. எழுதும்போது அவர் இரண்டாம் முறை கேட்கிற சொற்களையும் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே ஓசை தடுக்குகிறது, இல்லையென்றால் சொல் அந்த இடத்துக்குச் சொந்தமானதில்லை. கவிதையைப் பற்றி அவர் கருத்தைக் கேட்காதீர்கள்; கேட்டால் முதல் கடிதத்தில் ரில்கே கண்டித்த இடத்துக்கே திரும்பிவிடுவீர்கள்.

எட்டாவது கடிதம் துயரம் பற்றியது. நெருக்கடியில் இருப்பவர்களுக்கு ஆறுதலாக இருக்கும், எழுத்துக்கு நேரடிப் பயன் இல்லை. ஸ்வீடனிலிருந்து 4 நவம்பர் 1904இல் எழுதிய ஒன்பதாவது மிகச் சிறியது, ஆனால் திருத்துகிறவர்களுக்கான கடிதம். உங்கள் சந்தேகத்தைப் பழக்குங்கள் என்கிறார். அது எதையாவது கெடுக்க வரும்போது, ஏன் இது அசிங்கம் என்று கேளுங்கள், ஆதாரம் கேளுங்கள், விடாமல் விசாரியுங்கள். ஒருநாள் அது உங்களுக்கு வேலைசெய்யும் ஆட்களில் மிகச் சிறந்தவராக மாறும். நடைமுறையில் இதன் பொருள்: 'எனக்கே பிடிக்கவில்லை' என்று தாளைக் கிழிக்கக் கூடாது. பிடிக்காத வரிக்குப் பக்கத்தில் காரணத்தை எழுத வேண்டும். 'இந்த உவமை நான் படித்தது', 'இந்தச் சொல் எதுகைக்காக வந்தது', 'மூன்றாம் வரியையே ஏழாவது வரி திரும்பச் சொல்கிறது'. காரணம் எழுத முடிந்தால் திருத்தலாம். எழுத முடியவில்லை என்றால் அன்றைக்கு அந்த வரியைத் தொட வேண்டாம். முழுக் கவிதைக்கும் சேர்த்து ஒரே காரணம்தான் எழுத முடிகிறது என்றால், அது சந்தேகமில்லை, அசதி.

பத்தாவது கடிதத்தில் ஒரு சோகமான வேடிக்கை இருக்கிறது. காப்புஸ் அப்போது மலைகளுக்கு நடுவே ஒரு தனித்த கோட்டையில் ராணுவ அதிகாரி. கலைக்குப் பக்கத்தில் இருப்பதாகப் பாவனை செய்துகொண்டு கலையையே மறுக்கும் அரைகுறைத் தொழில்களைவிட இந்த வாழ்க்கை மேல் என்று ரில்கே அவரைப் பாராட்டுகிறார். அரைகுறைத் தொழில்களுக்கு உதாரணம்: பத்திரிகைத் தொழிலும் ஏறத்தாழ எல்லா விமர்சனமும். காப்புஸ் பிற்பாடு பத்திரிகையாளராகவும் பொழுதுபோக்கு நாவல்கள் எழுதுபவராகவும் ஆனார். 1966இல் பெர்லினில் இறந்தார். எந்த இடங்களிலிருந்து என்னைக் காக்கக் கவிஞர் அக்கறை கொண்டாரோ, அங்கேயே வாழ்க்கை என்னைத் தள்ளிவிட்டது என்று முன்னுரையில் அவரே ஒப்புக்கொள்கிறார். உலகின் மிகப் புகழ்பெற்ற கவிதை அறிவுரையை நேரடியாகப் பெற்றவர் கவிஞராகவில்லை. இது அறிவுரையின் தோல்வி என்று சொல்வது அவசரம். ஆனால் அறிவுரையிலிருந்து என்ன எதிர்பார்க்கலாம் என்பதற்கு நல்ல அளவுகோல்.

இனி பதிப்புகள். 1929 பதிப்பில் ரில்கேயின் பக்கம் மட்டுமே இருந்தது. காப்புஸ் தம் கடிதங்களைச் சேர்க்கவில்லை. ஏழாம் கடிதத்தோடு அந்த ஒரு சானெட்டை மட்டும் வைத்தார். பல தலைமுறைகள் பதிலை மட்டும் படித்து, கேள்வியைக் கற்பனை செய்துகொண்டன. 2019இல் ஜெர்மனியின் வால்ஷ்டைன் பதிப்பகம், எரிஷ் உங்லௌப் பதிப்பாசிரியராக, காப்புஸின் கடிதங்களையும் சேர்த்து வெளியிட்டது. அதன் வழியே டேமியன் சேர்ல்ஸ் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பை லைவ்ரைட் நிறுவனம் வெளியிட்டிருக்கிறது. முதன்முறை வாங்குகிறவர்களுக்கு இதுதான் சரி. காப்புஸின் குரலோடு சேர்த்துப் படிக்கும்போது, உலகத்துக்கே விதித்த சட்டம்போல ஒலித்த பல வாக்கியங்கள், குறிப்பிட்ட ஒருவரின் குறிப்பிட்ட தவிப்புக்குச் சொன்ன பதிலாக இறங்கிவருகின்றன. எது நமக்குப் பொருந்தும், எது பொருந்தாது என்று பிரிக்க இது உதவும். சேர்ல்ஸின் ஆங்கிலம் இன்றைய பேச்சுக்கு நெருக்கமானது. ரில்கேயின் நீளமான, மடிப்பு மடிப்பான வாக்கியங்களைப் பிரித்துத் தெளிவாக்குகிறது.

ஸ்டீஃபன் மிட்ச்செல் மொழிபெயர்ப்பு (1984) அதிகம் பரவியது, ஓட்டமாகப் படிக்கலாம். அந்த வழவழப்பில் ரில்கேயின் தயக்கங்களும் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்க்கும் நடையும் கொஞ்சம் கரைந்துவிடுகின்றன. எம். டி. ஹெர்ட்டர் நார்ட்டனின் மொழிபெயர்ப்பு (1934) விறைப்பானது, ஜெர்மன் வாக்கிய அமைப்பை விடாமல் பிடித்திருப்பது. இப்போது படிக்கச் சிரமம்தான். ஆனால் அதன் பின்னிணைப்பில் 1903 முதல் 1908 வரை ரில்கே எங்கே இருந்தார், என்ன எழுதினார் என்ற காலவரிசைக் குறிப்பு இருக்கிறது. மேலே சொன்ன ரோதான் விவகாரத்தைத் தொடர்ந்து படிக்க விரும்புகிறவர்கள் நூலகத்தில் இதைத் தேடலாம். சார்லி லௌத் செய்த பெங்குவின் பதிப்பில் 'இளம் தொழிலாளியிடமிருந்து வந்த கடிதம்' என்ற, ரில்கே பின்னாளில் கற்பனைக் கடித வடிவில் எழுதிய கட்டுரையும் உண்டு. அது மதம் பற்றியது. கவிதைக்காக வாங்குகிறவர்களுக்கு அவசியமில்லை. இணையத்தில் சுற்றும் இலவசக் கோப்புகளில் பலவற்றில் மொழிபெயர்ப்பாளர் பெயரே இருக்காது, சிலவற்றில் காப்புஸின் முன்னுரையும் இருக்காது. அந்த முன்னுரை இரண்டு பக்கம்தான் என்றாலும் அது இல்லாத பிரதி வேண்டாம்.

படிக்கும் வரிசைக்கு ஒரு யோசனை. முன்னுரை, முதல் கடிதம், இரண்டாம் கடிதம்; அங்கே நிறுத்துங்கள். நிறுத்தி, ரில்கே சொன்னபடியே 'மோகென்ஸ்' கதையைப் படியுங்கள். பிறகு 'சிறுத்தை' முதலிய கவிதைகள். அப்புறம் ஏழு, ஒன்பது. மற்றவற்றை எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம். 'மோகென்ஸ்' ஆங்கிலத்தில் ப்ராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, 'மோகென்ஸும் பிற கதைகளும்' என்ற தொகுப்பில். அன்னா கிராபோ செய்த மொழிபெயர்ப்பு. கோடைகால நண்பகல் ஒன்றில், ஓர் ஓக் மரத்தருகே தொடங்குகிறது. சற்று நேரத்தில் மழை வருகிறது. அந்த மழைப் பகுதியைப் பென்சிலோடு படியுங்கள். உணர்ச்சியின் பெயர் எத்தனை, கண்ணுக்குத் தெரியும் பொருட்கள் எத்தனை என்று ஓரத்தில் குறித்துவிட்டு, உங்கள் கடைசிக் கவிதையிலும் அதையே செய்து பாருங்கள். யாக்கப்சனின் நாவல் 'நீல்ஸ் லூன' (1880) பிறகு போதும். கவிஞனாக ஆசைப்பட்டு எதையும் முடிக்காமலே போகும் ஒருவனின் கதை அது. 19 வயதுக்காரருக்கு இதைப் பரிந்துரைக்க ரில்கேக்குத் தைரியம் இருந்திருக்கிறது.